வேனிலுக்கு முன் தோட்டம்

கேள்வி: எங்கள் புதுவீட்டின் பின்புறம் சிறிது மண் இருக்கிறது. வேனிற்காலக் காய்கறிகளுக்கு அதை எப்போது, எவ்வாறு பண்படுத்துவது?
- ஒரு வாசகி, மறைமலை நகர்

பதில்: வசந்தம் என்றதும் பனியுருகிய பின் மண்ணைக் கொத்தும் குளிர்தேசத்து வழக்கத்தை நூல்களில் படித்துவிட்டுச் சித்திரை வரை காத்திராதீர்கள், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும் தை மாதமே நமக்கு ஆரம்பகாலம். முதற்காரியம், வீடு கட்டியபோது புதைந்துபோன சிமெண்டுக் கட்டி, காரை, செங்கல் துண்டு முதலியவற்றை ஒரு முழ ஆழம் கொத்திப் பொறுக்கி அகற்றுவதாகும். இதை நான் வற்புறுத்துவதன் காரணம், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமற்போய், எத்தனை எருவிட்டாலும் இளந்தளிர்கள், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, வெளுத்துவிடும் என்பதே. பின்பு சில நாள் வெயிலில் காயவிட்டு, நன்கு மக்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம் புண்ணாக்கும் கலந்து, மாசிக்குள் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, தண்டுக்கீரை ஆகியவற்றை விதைத்துவிடலாம். விதைத்த 45 முதல் 50 நாளில் வெண்டை காய்க்கத் தொடங்குமாதலால், அக்கினி நட்சத்திரத்தின் உக்கிரத்துக்கு முன்பே பெரும்பலன் கைக்கு வந்துசேரும். வைக்கோல் மூடாக்கு அவசியம். மண்ணின் குணத்தைப் பற்றிச் சந்தேகமிருந்தால், அருகிலுள்ள காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரை அணுகி யோசனை கேளுங்கள்.