குட்டிகளுக்குக் கடலைக்கொடி

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் விளையும். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் மணிலா என்னும் நிலக்கடலை. காய் பறித்தபின் கிடக்கும் கொடியை எரிக்காதீர்கள், வளரும் செம்மறிக் குட்டிக்கு அதுதான் மலிவான நல்ல தீனி. வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். கடலைக்கொடியில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உண்டு. ஆகவே வைக்கோலை மாட்டுக்கு வைத்துக்கொண்டு, கொடியைக் குட்டிக்கு ஒதுக்குங்கள்.

இலை உதிராமல் காயவைப்பது முக்கியம், சத்து இலையில்தான் இருக்கிறது. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கொடியை மட்டும் தயங்காமல் கழித்துவிடுங்கள். அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நல்ல கொடியை ஓர் அங்குலத் துண்டாக நறுக்கித் தொட்டியில் போட்டால் வீணாவது குறையும்.

பால் மறந்த மூன்று மாதக் குட்டிக்குக் கொடி மட்டும் போதாது. கம்பு அல்லது மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, தவிடு, ஆட்டுக்கான தாது உப்பு கலந்த அடர்தீவனத்தை நாளொன்றுக்கு 100 கிராமில் தொடங்கி, மெல்ல 200 கிராம் வரை கூட்டலாம். ஒரேயடியாகத் தானியம் வைத்தால் வயிறு உப்பிச் செத்துப்போகும். யூரியா ஊட்டிய வைக்கோலை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குக் காட்டவே கூடாது. தீனியைக் கூட்டுமுன் குடற்புழு மருந்தும் துள்ளுமாரித் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.