எழுந்து வந்த நாற்காலி
மாற்று வரலாறு எழுத வருகிறவர்களுக்குச் சில அறிவுரைகள்

நடந்த வரலாற்றில் ஓர் இடத்தில் கிளை பிரித்து, “அன்று இந்த வேடத்தை இன்னார் ஏற்றிருந்தால்?” என்று கேட்கிறோம். பிறகு பலர் கூடி, அந்தக் கிளையில் பத்து இருபது வருடத் தொலைக்காட்சியையே எழுதிப் பார்க்கிறோம். ஒருவர் கையில் 1966-ஆம் ஆண்டு ஹாலிவுட், இன்னொருவர் கையில் அதே ஆண்டு லண்டன், மூன்றாமவர் கையில் எழுபதுகள். இந்த வேலைக்கு ஆசையோடு வருகிற தம்பி தங்கைகளில் பெரும்பாலோர் முதலில் கொண்டுவருவது ஒரு நடிகர் பெயரைத்தான். அப்படி வந்த பெயர்களில் நாங்கள் ஏற்றவை கொஞ்சம், கைவிட்டவை ஏராளம். கைவிட்டவற்றைப் பற்றியே இங்கே பேசப் போகிறேன். ஒரு யோசனை ஏன் நிற்கவில்லை என்று காரணம் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அடுத்த யோசனையை நிற்கும்படி கொண்டுவருகிறார்கள். நீண்ட காலமாக நான் பார்த்து வருவது இது.

1. ஒரு நடிகரைக் கூட்டி வரும்போது அவர் எழுந்து வந்த நாற்காலியையும் பாருங்கள்.

ஸ்டார் ட்ரெக்கில் மார்ட்டின் லாண்டோவை ஸ்பாக் ஆக்கலாம் என்பது ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் சொல்கிற யோசனை. அதற்கு ஆதாரமும் உண்டு. அந்த வேடத்துக்காக அவரிடம் பேசினார்கள், அவர் ஏற்கவில்லை. அவர் போன இடம் மிஷன்: இம்பாசிபிள். அதை எடுத்ததும் ஸ்டார் ட்ரெக்கை எடுத்த அதே டெசிலு ஸ்டுடியோதான். ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பர் 8 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது, மிஷன் அதே மாதம் 17 அன்று. லாண்டோவை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் அவர் ஏற்ற ரோலின் ஹாண்ட் வேடத்துக்கு யார்? அதே தொடரில் நடித்த அவர் மனைவி பார்பரா பெய்ன் 1967, 1968, 1969 என்று தொடர்ந்து மூன்று எம்மி விருதுகள் வாங்கினார். கணவர் இல்லாத தொடருக்கு அவர் வந்திருப்பாரா?

இன்னும் தொடருங்கள். 1969-இல் கணவனும் மனைவியும் மிஷனை விட்டு விலகினார்கள். லாண்டோவின் இடத்தை நிரப்ப வந்தவர் லெனார்ட் நிமாய், அதாவது நிஜ வரலாற்றின் ஸ்பாக். ஸ்டார் ட்ரெக் நின்றுபோன அதே வருடம் அவர் பழைய ஸ்டுடியோவின் இன்னொரு தொடருக்குள் நுழைந்து இரண்டு சீசன் நடித்தார். 1975-இல் லாண்டோவும் பெய்னும் பிரிட்டனில் ஜெர்ரி, சில்வியா ஆண்டர்சன் தயாரித்த ஸ்பேஸ்: 1999 தொடரில் முன்னணி வேடங்களில் வந்தார்கள். ஆக, 1966-இல் ஒருவருக்குக் கூர்மையான காதுகளை ஒட்டினால், ஒன்பது வருடம் கழித்து நிலவில் நடக்கும் ஒரு பிரிட்டிஷ் தொடருக்குத் தளபதி இல்லாமல் போகிறார். அந்தத் தொடரை எழுதும் பொறுப்பு உங்கள் குழுவில் வேறு யாருக்கோ இருக்கும். அவரிடம் கேட்டீர்களா?

லாண்டோ யோசனையை நாங்கள் விட்டது இதனால்தான். அவர் நல்ல ஸ்பாக்காக இருந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். மிஷனை யார் தாங்குவது என்பதற்கு ஒருவரும் பதில் எழுத முன்வரவில்லை.

2. ஒப்பந்தத்தையும் நடிகரின் குணத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

1964 இறுதியில் எடுத்த ஸ்டார் ட்ரெக்கின் முதல் பைலட்டில், அதாவது முன்னோட்ட எபிசோடில், கேப்டனாக நடித்தவர் ஜெஃப்ரி ஹன்டர். என்பிசி அதை ஏற்காமல், வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது பைலட் எடுக்கச் சொன்னது. ஹன்டர் திரும்பி வர மறுத்தார். அடுத்து ஜாக் லார்டிடம் பேசினார்கள், அவர் தொடரில் பெரிய பங்கு கேட்டதால் பேச்சு முறிந்தது என்று சொல்வார்கள். வில்லியம் ஷாட்னர் வந்தார். லார்டைக் கேப்டன் ஆக்க நினைப்பவர்கள் முதலில் அந்தப் பங்கை யார் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். பிறகு 1968-இல் தொடங்கிப் பன்னிரண்டு சீசன் ஓடிய ஹவாய் ஃபைவ்-ஓவுக்கும் வழி சொல்ல வேண்டும். அந்தத் தொடரின் முகமே அவர்தான்.

3. பின்னால் வந்த புகழை முன்னால் கொண்டுபோகாதீர்கள்.

1966-இல் ஹாரிசன் ஃபோர்டைக் கப்பலின் தலைவர் ஆக்காதீர்கள். அந்த வருடம் அவர் ஒரு படத்தில் பெயர்கூடப் போடாமல் ஹோட்டல் சிப்பந்தியாக வந்து போனவர். அவருக்கு 1977 வர வேண்டும். அன்றைய தயாரிப்பாளர் அறையில் உட்கார்ந்து பாருங்கள். அவருக்கு யாரைத் தெரியும், போன வருடம் யாரோடு வேலை செய்தார்? நிமாயும் நிஷெல் நிக்கல்ஸும் ஸ்டார் ட்ரெக்குக்கு வருவதற்கு முன்பே, அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் தி லெஃப்டினன்ட் தொடரில் தலா ஓர் எபிசோடில் நடித்தவர்கள். தேர்வு பெரும்பாலும் இப்படிப் பழகிய முகங்களிலிருந்துதான் நடக்கிறது.

4. ஒருவர் ஏன் வரவில்லை, ஏன் போனார் என்பதற்கு ஒரே ஆளின் வாய்மொழியை நம்பாதீர்கள்.

முதல் பைலட்டில் கப்பலின் துணைத் தளபதி ஒரு பெண். நம்பர் ஒன் என்ற அந்த வேடத்தில் மேஜல் பாரெட் நடித்தார். பெண் அதிகாரியைத் தொலைக்காட்சி நிறுவனம் ஏற்கவில்லை என்று ராடன்பெரி பல வருடம் சொல்லி வந்தார். டெசிலுவில் பொறுப்பிலிருந்த ஹெர்ப் சோலோவும் தயாரிப்பாளர் ராபர்ட் ஜஸ்ட்மனும் 1996-இல் எழுதிய புத்தகத்தில் கதை வேறு மாதிரி வருகிறது. நிறுவனத்துக்குப் பெண் அதிகாரி என்பதில் சிக்கல் இல்லை, ராடன்பெரியின் காதலி என்பதால் பாரெட்டுக்கு அந்த வேடம் போனதில்தான் சிக்கல் என்கிறார்கள். இந்த இரண்டில் எதை ஏற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கிளையே மாறிவிடும். முதலாவது உண்மை என்றால், வேறு எந்த நடிகையைப் போட்டாலும் அந்த வேடம் தப்பாது. இரண்டாவது உண்மை என்றால், நடிகையை மாற்றினாலே 1966-இல் ஒரு பெண் துணைத் தளபதி அமெரிக்க வரவேற்பறைகளுக்குள் வந்திருப்பார். இந்தக் கேள்வியை எங்கள் குழு இன்னும் தீர்க்கவில்லை. தீர்க்காமலே யாரோ எழுதிய இரண்டு அத்தியாயங்களை ஒதுக்கி வைக்க வேண்டி வந்தது.

விலகல்களிலும் இதே கவனம் வேண்டும். 1994 செப்டம்பரில் ஸ்டார் ட்ரெக்: வாயேஜர் தொடரின் கேப்டன் ஜேன்வேயாக ஜெனிவியவ் புஜோல்ட் படப்பிடிப்புக்கு வந்து, இரண்டு நாள் முழுதாக முடிவதற்குள் விலகினார். கேட் மல்குரூ அந்த இடத்துக்கு வந்தார். புஜோல்டை நிலைக்க வைக்க வேண்டும் என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். அவர் பெரிய நடிகை, அதில் ஐயமே இல்லை. ஆனால் அவர் பழகியது சினிமாவின் வேகத்துக்கு. அன்றைய ஸ்டார் ட்ரெக் தொடர்களில் முழு சீசன் என்றால் 26 எபிசோட் வரை போகும். ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் கேப்டன் நிற்க வேண்டும், பக்கம் பக்கமாக வசனம். அவர் இருந்திருக்க வேண்டும் என்றால் அந்த வேலைமுறையை மாற்றுங்கள், சீசனைச் சிறிதாக்குங்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள்.

5. கைவிட்ட யோசனை தடம் விட்டுத்தான் போகும். அந்தத் தடத்தைத் தேடிப் பழகுங்கள்.

என் மனதுக்கு மிக நெருக்கமான பாடம் இது. பிரிட்டிஷ் தொடரான டாக்டர் ஹூவில் நான்காவது டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது, வயதான நடிகர் ஒருவர் வரக்கூடும் என்று தயாரிப்புக் குழு எண்ணியது. அப்படி வந்தால் ஓடவும் அடிக்கவும் ஓர் இளைஞன் வேண்டுமே என்று ஹாரி சல்லிவன் என்ற பாத்திரத்தை உருவாக்கி, அதற்கு இயன் மார்ட்டரைப் போட்டார்கள். கடைசியில் தேர்வானவர் டாம் பேக்கர். அப்போது கட்டட வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்த, நாற்பது வயதுக்காரர். அவரே ஓடினார், அவரே அடித்தார். ஹாரிக்கு வேலை குறைந்துபோனது, ஒரு சீசன் கொஞ்சம் கடந்ததும் விடைபெற்றார். வராத கிழவர் ஒருவருக்காக வந்த இளைஞன் அவன். எழுபதுகளின் அந்த எபிசோட்களைத் திரும்பப் பாருங்கள், ஹாரி நிற்கும் ஒவ்வொரு காட்சியிலும் நடக்காத ஒரு தேர்வு தெரியும்.

1977-இல் திட்டமிட்ட ஸ்டார் ட்ரெக்: ஃபேஸ் டூவும் அப்படித்தான். நிமாய் வரமாட்டார் என்பதால் ஸ்பாக்கின் இனமான வல்கன்களில் ஸான் என்ற இளைஞனை எழுதி டேவிட் கோத்ரோவைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடர் கைவிடப்பட்டு 1979-இல் திரைப்படமாக மாறியபோது நிமாய் திரும்பி வந்தார், ஸான் மறைந்தார். கோத்ரோவுக்குப் படத்தில் கமாண்டர் பிராஞ்ச் என்ற சிறு வேடம் கிடைத்தது. அதே திட்டத்துக்காக எழுதிய டெக்கர், ஐலியா ஜோடியின் சாயலை 1987-இல் வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் ரைக்கர், ட்ராய் இருவரிடமும் காணலாம். உங்கள் மாற்று உலகத்திலும் கைவிட்ட தேர்வுகள் இப்படி எங்காவது தலைகாட்டட்டும். அப்போதுதான் அந்த உலகில் மனிதர்கள் வேலை செய்கிறார்கள் என்று வாசகர் நம்புவார்.

6. மரணத்தைக் கையாளும்போது மரியாதை வேண்டும்.

ஹன்டரைக் கேப்டனாகவே வைத்துக்கொள்ளும் கிளையை எழுதுகிறவர்கள் ஒரு தேதியைத் தாண்டியாக வேண்டும். 1969 மே 27 அன்று, 42 வயதில், அவர் இறந்தார். நிஜ ஸ்டார் ட்ரெக்கின் கடைசிப் புதிய எபிசோட் ஒளிபரப்பானது ஜூன் 3 அன்று. இடையில் ஒரு வாரம். முந்தைய ஆண்டு ஸ்பெயினில் ஒரு படப்பிடிப்பில் அவருக்கு அடிபட்டது. அவர் தொடரிலேயே இருந்திருந்தால் ஸ்பெயினுக்குப் போயிருக்க மாட்டார், ஆகவே பிழைத்திருப்பார் என்று எழுதலாம். எழுதுகிறவர் அதை உண்மையான அக்கறையோடு எழுத வேண்டும். பரபரப்புக்காக ஒருவரைச் சாகடிப்பதும், கதை வசதிக்காக எழுப்புவதும் எனக்குப் பிடிக்காத காரியங்கள். இன்று உயிரோடிருக்கும் ஒருவர் மேல் இல்லாத நோயையோ குற்றத்தையோ மணமுறிவையோ ஏற்றவே கூடாது. அவர் அந்த வேடத்துக்கு வரவில்லை, அவ்வளவு எழுதினால் போதும்.

7. சிலரை நகர்த்தும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஸ்டார் ட்ரெக்கில் உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் சீசனோடு விலக நினைத்ததையும், மார்ட்டின் லூதர் கிங் அவரைத் தொடரச் சொன்னதையும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1977-இல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களையும் கறுப்பின மக்களையும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். 1978-இல் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள், சாலி ரைடும் அந்த ஆறில் ஒருவர். உஹுராவை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், தடையில்லை. கொடுத்தால் ஹூஸ்டன் வரை எழுத வேண்டும்.

8. கைவிட்டதைப் பதிவு செய்யுங்கள்.

நடிகர், வேடம், கைவிட்ட காரணம், யார் அத்தியாயத்தோடு மோதியது, எந்த நிலைமை மாறினால் திரும்ப எடுக்கலாம். இவ்வளவும் ஒரு குறிப்பேட்டில் இருந்தால் போதும். 1963-இல் டாக்டர் ஹூவின் டாக்டர் வேடத்துக்குப் பேசப்பட்ட ஜெஃப்ரி பெய்ல்டன் அதை ஏற்கவில்லை, வில்லியம் ஹார்ட்னெல் நடித்தார். நாற்பது வருடம் கழித்து, 2003-இல், பிக் ஃபினிஷ் நிறுவனம் ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற வகையில் ஒலிநாடகங்கள் தயாரித்தபோது பெய்ல்டனே டாக்டராகக் குரல் கொடுத்தார். அதே 1963 பட்டியலில் பெயர் அடிபட்ட இன்னொரு நடிகரான ஹியூ டேவிட், பிறகு இயக்குநராகி டாக்டர் ஹூ கதைகளையே எடுத்தார். அன்று விட்டதை யாரும் மறக்கவில்லை.

9. நம் ஆட்களைக் கொண்டுவர ஆசைப்படுங்கள், வாசலைக் காட்டிக் கொண்டுவாருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த ஆசை இயல்பு, நான் அதைத் தடுக்க மாட்டேன். நிஜ வரலாற்றிலேயே வாசல்கள் இருக்கின்றன. டாக்டர் ஹூவின் முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். ஐலியாவாகத் தலையை மழித்துக்கொண்டு நடித்த பெர்சிஸ் கம்பாட்டா 1965-இன் மிஸ் இந்தியா. நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு வாசல் சேலத்தில் இருந்தது. 1952-இல் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து தி ஜங்கிள் என்ற ஆங்கிலப் படத்தை எடுத்தது. ராட் கேமரூனும் சீசர் ரொமேரோவும் நடித்த, மாமத் யானைகள் வருகிற கற்பனைக் கதை. அதில் எம்.என். நம்பியாரும் உண்டு.

இதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நம்பியாரை ஸ்டார் ட்ரெக்கின் க்ளிங்கான் தளபதியாகக் கொண்டுவந்தார். க்ளிங்கான்கள் முதலில் வந்தது 1967-இல், அந்த வேடத்தை ஜான் கோலிகோஸ் செய்தார். பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் 1967-இல் நம்பியார் தமிழ் சினிமாவின் முன்னணி வில்லன், கை நிறையப் படங்கள். ஒரு வார எபிசோட் ஒன்றுக்காக அவர் ஏன் கலிஃபோர்னியா போக வேண்டும்? பதிலில்லாததால் யோசனையை ஒதுக்கினோம். குறிப்பேட்டில் அது இன்னும் இருக்கிறது. எடுக்க விரும்புகிறவர்கள் 1967-ஐ விட்டுவிட்டு 1952-க்குப் போங்கள். சேலத்துக்கும் ஹாலிவுட்டுக்கும் அந்தக் கூட்டு தொடர்ந்திருந்தால் அடுத்த படம் எது, அதன் செலவு யார் பொறுப்பு, அதில் யார் யார் ஆங்கிலத்தில் பேசிப் பழகியிருப்பார்கள் என்று பதினைந்து வருடத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள். நான் உட்கார்ந்து முழுவதும் படிக்கிறேன்.