எந்த நாய் உங்கள் வீட்டுக்கு?

ஒரு நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழும். இன்று ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை அடம்பிடித்ததற்காக வாங்குகிற குட்டி, அந்தப் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்கு வெளியூர் போன பிறகும் வீட்டில்தான் இருக்கும். அப்போது அதற்குச் சோறு வைக்கப்போவதும், மூட்டுவலிக்கு மருந்து கொடுக்கப்போவதும் பெற்றோர்தான். ஆகவே குட்டியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வீட்டின் ஒரு நாளைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து அதை வெளியே கூட்டிப்போகப்போவது யார்? பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஊருக்குப் போனால் யாரிடம் விட்டுச் செல்வீர்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத வீட்டில் இப்போதைக்கு நாய் வேண்டாம். நாய்மேல் ஆசை இருப்பவர்களிடம்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில் இருக்கிற வீட்டுக்குத் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் உண்டு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பக் போன்ற வெளிநாட்டு இனங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் ஊர் இனங்கள். தெருவில் பிறந்த சாதாரண நாட்டு நாய். மூன்றிலும் நல்ல நாய்கள் இருக்கின்றன. எல்லா வீட்டுக்கும் மூன்றும் பொருந்துவதில்லை.

வெளிநாட்டு இனங்களில் முதலில் பார்க்க வேண்டியது வெயில். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுக்க வியர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது உடல் சூட்டை வெளியேற்றுகிறது. பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகலானது. சாதாரண நாளிலேயே அவை குறட்டைபோல் மூச்சுவிடுவதைப் பலர் அழகு என்று ரசிக்கிறார்கள். உண்மையில் அது மூச்சு முட்டும் ஒலி. சித்திரை வெயிலில் பத்து நிமிட நடையிலேயே அவற்றுக்கு உயிராபத்து நேரலாம். ஹஸ்கி பனிநாட்டில் வண்டி இழுக்க உருவான நாய். அதன் உடலில் இரண்டு அடுக்கு முடி. திருச்சியிலும் வேலூரிலும் அதை நாள் முழுக்க ஏ.சி. அறையில் அடைத்து வைப்பதுதான் வழி என்றால், அந்த நாயை அங்கே கொண்டுவரவே வேண்டாம். சூடு தாங்காதே என்று முடியை ஒட்ட மழிப்பதும் தவறு; அந்த முடி வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது.

லாப்ரடார் இந்தப் பட்டியலில் சேராது. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு வெளிநாட்டு நாய்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது லாப்ரடாரைத்தான். பொறுமையான குணம், கற்றுக்கொள்ளும் ஆர்வம் இரண்டும் அதற்கு உண்டு. ஆனால் அதற்கு வயிறு நிறைவதே தெரியாது. பசி அடங்கியதை உடலுக்குச் சொல்லும் மரபணு ஒன்று ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பழுதாகியிருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். கேட்கும்போதெல்லாம் பிஸ்கட் போட்டால் நான்கைந்து வயதில் நடக்க முடியாத அளவு பெருத்துவிடும். இடுப்பு மூட்டு தேய்மானம் ஏற்கெனவே இந்த இனத்தில் அதிகம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் அதே இடுப்புப் பிரச்சினை உண்டு. அதோடு, மூளைக்கு வேலை கொடுக்காவிட்டால் அது குரைத்தும் கடித்தும் தன் சக்தியைச் செலவழிக்கும். தினமும் பயிற்சி கொடுக்க நேரம் இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

எந்த இனக்குட்டியை வாங்கினாலும் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இந்த எட்டு வாரம் வெறும் சட்டத்துக்காக வந்த கணக்கில்லை. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் அந்த நாட்களில்தான் கற்கிறது. முப்பது நாளில் பிரித்து விற்கப்பட்ட குட்டி பிள்ளைகளின் கையைக் கடித்துக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி நம் ஊர் இனங்கள். இவற்றின் மேல் இப்போது பெரிய மோகம் வந்திருக்கிறது. 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. பெருமைக்குரிய செய்திகள்தான். ஆனால் பெருமைக்காக இந்த நாயை வாங்கி இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டைநாய்கள். நீண்ட கால், ஒடுங்கிய இடுப்பு, ஆழ்ந்த மார்பு எல்லாமே ஓட்டத்துக்காக அமைந்தவை. விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் இவற்றின் ஆரோக்கியமான உடல்வாகு; பார்க்கிறவர்கள் பட்டினி போடுகிறீர்களா என்று கேட்பார்கள், அதற்காகக் கொழுக்க வைக்காதீர்கள். தினமும் அவிழ்த்துவிட்டு ஓடவிட வேலி போட்ட தோட்டமோ வயலோ வேண்டும். வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிட்டால் பூனையோ கோழியோ கண்ணில் பட்ட மறுகணம் அது சாலையைப் பார்க்காது. இவற்றை வைத்து முயல் வேட்டைக்குப் போவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லியாக வேண்டும். உடலில் கொழுப்பு குறைவு என்பதால் அறுவை சிகிச்சையின்போது சிலவகை மயக்கமருந்துகளுக்கு இவ்வகை நாய்கள் வேறுவிதமாக எதிர்வினை காட்டும். மருத்துவரிடம் இனத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ராஜபாளையம் காவலுக்குப் பேர்போனது. பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள குட்டிக்குத்தான் சந்தையில் மதிப்பு. அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் இந்த இனத்தில் சேர்ந்து வருவதுண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். மற்றக் குட்டிகளைப் பார்த்தே ஒரு செவிட்டுக் குட்டி திரும்பிவிடும் என்பதால் தனியாக வைத்துச் சோதிக்க வேண்டும். ராஜபாளையம் வீட்டில் ஒருவரிடம்தான் அதிகம் ஒட்டும். வந்து போகிற விருந்தாளிகளைச் சுலபத்தில் ஏற்காது. தேனிப் பக்கத்துக் கோம்பையும் அப்படியே: கட்டுமஸ்தான உடல், கருத்த முகவாய், விட்டுக்கொடுக்காத குணம். தோட்டம், தனிவீடு, முன்பே நாய் வளர்த்த அனுபவம் மூன்றும் இருப்பவர்களுக்கு இவை இரண்டும் சரி. முதல்முறை வளர்ப்பவர்களுக்கும் கூட்டம் வந்துபோகும் வீடுகளுக்கும் சரிப்படாது.

மிச்சம் இருப்பது நாட்டு நாய். தமிழ்நாட்டில் பத்தில் எட்டு வீடுகளுக்கு இதுதான் பொருத்தமானது என்பது என் முடிவு. நம் வெயிலிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்து வந்த உடம்பு. குட்டை முடி, நடுத்தர எடை, நீண்ட மூக்கு. எந்த ஒரு அழகுக்காகவும் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்யப்படாததால் பிறவி நோய்கள் குறைவு. நடுத்தர வேலை, நடுத்தர சாப்பாடு, நடுத்தர இடம் இதற்குப் போதும். காவலுக்கு இதைவிடக் கூர்மையான காது கிடைப்பது கடினம். இனநாய் குட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் பணத்தில் இதற்குத் தடுப்பூசி, கருத்தடை, இரண்டு வருட மருந்துச் செலவு எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கும் கவனிக்க வேண்டியவை உண்டு. தெருநாய்க்கு எதுவும் ஆகாது என்று தடுப்பூசி போடாமல் விடுவது பெரிய பிழை; பார்வோ வைரஸ் தெருக்குட்டிகளைத்தான் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது. மனிதர்களிடம் அடிபட்ட நாய் கையை ஓங்கினாலே பதுங்கும். அந்தப் பயம் தெளிய மாதங்கள் ஆகலாம். கண் திறக்காத குட்டியை இரக்கப்பட்டுத் தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும், திரும்பி வரும். எட்டு வாரம் கடந்த குட்டியையோ, இன்னும் நல்லதாக, ஒரு வயது தாண்டிய நாயையோ காப்பகத்திலிருந்து எடுங்கள். சென்னையில் 1959 முதல் இயங்கும் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்த நாய்கள் காத்திருக்கின்றன.

குட்டியா, வளர்ந்த நாயா என்ற கேள்வியில் பெரும்பாலோர் யோசிக்காமல் குட்டி என்பார்கள். பிறந்து மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை குட்டி பார்க்கிறவையும் கேட்கிறவையும்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கும். குக்கர் விசில், ஸ்கூட்டர், குழந்தை அழுகை, குடை பிடித்த ஆள் எல்லாவற்றையும் பயமில்லாமல் பழக்க அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீருக்குக் கொண்டுபோக வேண்டும், இரவிலும் ஒருமுறை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது நடக்காது. வளர்ந்த நாயின் அளவு, குணம், குழந்தைகளோடு எப்படி இருக்கும் என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு மூன்று நான்கு வயது நாய்தான் ஏற்றது. பெரிய நாய் நம்மிடம் ஒட்டாது என்று சொல்வதில் உண்மை இல்லை.

ஆணா பெட்டையா என்பது கருத்தடை செய்தபின் பெரிய வித்தியாசம் இல்லாத விஷயம். செய்யாவிட்டால் பெட்டை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஆண் நாய் வாசனை பிடித்துச் சுவரேறிப் போகும். கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயதான பிறகு கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரைக் குடிக்கும். ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் நல்லது என்ற நம்பிக்கைக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

சாப்பாட்டில் பாக்கெட் உணவா, வீட்டுச் சோறா? ஒரு வயது வரை குட்டிகளுக்கென்று தயாராகும் பாக்கெட் உணவே பாதுகாப்பு. எலும்பு வளர்ச்சிக்குத் தேவையான கால்சியம், பாஸ்பரஸ் விகிதத்தை வீட்டில் சரியாகக் கொடுப்பது கடினம். அதன் பிறகு சோறு, வேகவைத்த கோழிக்கறி, ஈரல், முட்டை, பூசணி, கேரட் என்று வீட்டிலேயே சமைக்கலாம், மருத்துவரிடம் ஒருமுறை அளவு கேட்டுக்கொண்டு. வெறும் தயிர்ச்சோற்றிலும் பால்சோற்றிலும் நாயை வளர்க்க முடியாது, புரதம் போதாது. பிரியாணி மிச்சம் கூடவே கூடாது: வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களைச் சிதைக்கும், வெந்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட்டும் திராட்சையும், பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை உட்பட, நஞ்சு. நமக்குக் காய்ச்சலுக்கும் வலிக்கும் இருக்கிற மாத்திரையை நாய்க்கு உடைத்துக் கொடுக்காதீர்கள்.

உண்ணி நம் ஊரில் வருடம் முழுக்க உண்டு. அதன் வழியாக வரும் காய்ச்சல் நாயைச் சோர்ந்து விழச்செய்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். காதுமடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தினமும் தடவிப் பாருங்கள். கழுத்தில் விடும் சொட்டுமருந்து, மருந்துப்பட்டை, மாத்திரை மூன்றில் மாத்திரைதான் குளித்தாலும் பலன் குறையாதது. ஆனால் வலிப்பு வந்த நாய்க்கு அது ஆகாமல் போகலாம், மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் வரை போகும். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். முதல் வரிசை முடியும்வரை குட்டியைத் தெருமண்ணில் இறக்க வேண்டாம். பூச்சிமருந்து ஆறு மாதம் வரை மாதாமாதம், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தடுப்பூசி போட்ட வீட்டு நாயே கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்; அங்கே ஊசி இலவசம். அறிகுறி தெரிந்த பிறகு வெறிநோய்க்கு மருந்து இல்லை. சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம்; அதற்கும் இந்த ஊசிச் சான்றுதான் கேட்பார்கள்.

நாய் வீட்டுக்கு வரும் முன்பே ஒரு வேலை செய்து வையுங்கள். பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவமனை எது, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மருத்துவர் கிடைக்கும் இடம் எது என்று விசாரித்து, அந்த எண்களை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.