கேட்குமுன் எண்ணுவோம்

அறிவியல் நாளொரு வண்ணமாய் வளர்ந்துவரும் இக்காலத்தில், கேட்டவுடன் விடை சொல்லும் கருவி நம் வீட்டுக் கைப்பேசிக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வெளிவந்த சாட்ஜிபிடியும், அதன்பின் வந்த ஜெமினி முதலியனவும் தமிழிலேயே நம்முடன் உரையாடுகின்றன. கட்டுரைப் போட்டிக்குக் கருத்து வேண்டுமா? ஆண்டு விழா நாடகத்துக்குக் கதை வேண்டுமா? அம்மாவின் கைத்தொழிலுக்குப் புது வழி வேண்டுமா? எதைக் கேட்டாலும் நொடியில் பத்து யோசனைகளை அடுக்கிவிடும். இச்செயற்கை நுண்ணறிவை நாம் எவ்வாறு பயன்படுத்தினால் நன்மை பெறலாம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

யோசனை தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்க விளம்பரத் துறையில் புகழ்பெற்ற அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்பவர் 1953இல் எழுதிய நூலில் அதற்கு நான்கு விதிகளை விளக்கினார். முதலில் எந்த யோசனையையும் குறை கூறாதே, விந்தையாகத் தோன்றுவதையும் சொல், எண்ணிக்கையைப் பெருக்கு, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார். இவையே அவ்விதிகள். நம்மில் பலர் தோழியர் சிரிப்பார்களே என்று அஞ்சியே வாய் திறப்பதில்லை. கருவியோ சிரிப்பதில்லை, சலிப்பதுமில்லை. எனவே இப்பணிக்கு அது நல்ல துணை என்பதில் ஐயமில்லை.

இதற்குச் சான்றும் உண்டு. 2023இல் அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் பிறரும் ஓர் ஆய்வு செய்தனர். கல்லூரி மாணவருக்கு ஏற்ற புதுப்பொருள்களுக்காக மாணவர்கள் தந்த 200 யோசனைகளையும், கருவி தந்த 200 யோசனைகளையும் ஒப்பிட்டனர். வாங்குவோர் விருப்பப்படி முதலிடம் பெற்ற 40 யோசனைகளில் 35 கருவி தந்தவையாம்!

அப்படியானால் நாம் எண்ணவே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். 2024இல் அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் என்னும் இருவர் பிரிட்டனிலிருந்து வெளியிட்ட மற்றோர் ஆய்வையும் காண்போம். சிறுகதை எழுதியவர்களில் சிலருக்குக் கருவியின் யோசனைகளைக் கொடுத்தனர், சிலருக்குக் கொடுக்கவில்லை. யோசனை பெற்றவர்களின் கதைகள் நன்றாக இருந்தன என்றே படித்தவர்கள் மதிப்பிட்டனர். ஆனால் அக்கதைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஒவ்வொருவரும் தனித்தனியே உயர்ந்தனர். எல்லாரும் சேர்ந்து ஒரே மாதிரி ஆயினர்.

இதற்குக் காரணம் எளிது. கருவி எண்ணற்ற நூல்களிலும் பக்கங்களிலும் பயின்று, அடுத்து வரக்கூடிய சொல் எதுவென்று கணித்தே விடை தருகிறது. ஆகவே பலரும் சொன்னதே அதன் வாயில் முதலில் வரும். ஒரு வகுப்பில் நாற்பது பேரும் “மழையைப் பற்றி எழுது” என்று கேட்டால், நாற்பது கட்டுரையிலும் ஒரே மழைதான் பெய்யும். கல்வராயன் மலைமேல் மேகம் திரண்டால் கோமுகி ஆற்றங்கரையில் இருப்பவர் என்ன பேசிக்கொள்வர் என்பதை நாம் சொன்னாலன்றி அது எழுதாது.

நம் அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையைச் சேர்ந்த மாணவி வினிஷா உமாசங்கரை எண்ணிப் பாருங்கள். தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கண்டார். இத்தனை கரி எரிகிறதே என்று சிந்தித்தார். சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020இல் சுவீடனிலிருந்து வழங்கப்படும் சிறுவர் பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டில் உரையாற்றினார். அவருடைய யோசனை பிறந்த இடம் தெரு. அந்தத் தெருவைப் பார்க்கும் கண் எந்தக் கருவிக்கும் இல்லை, நமக்கு உண்டு.

எனவே நாம் கைக்கொள்ள வேண்டிய முறை இதுவாகும்.

முதலாவது, கைப்பேசியைத் தொடுமுன் தாளில் பத்து யோசனைகளை நாமே எழுதுவோம். தவறானாலும் பரவாயில்லை.

இரண்டாவது, நம் நிலையை முழுமையாகச் சொல்லிக் கேட்போம். “நல்ல தொழில் ஒன்று சொல்” என்றால் ஊருக்கெல்லாம் சொல்வதையே நமக்கும் சொல்லும். “நாங்கள் இருப்பது சின்னசேலம். மரவள்ளி விளையும் பகுதி. ஜவ்வரிசி எளிதில் கிடைக்கும். வீட்டில் இரண்டு பெண்கள் நாளைக்கு மூன்று மணி நேரம் உழைக்க முடியும். கையிருப்பு ஐயாயிரம் ரூபாய். இருபது யோசனை கூறு” என்று கேட்டால் விடை நம் வாசலுக்கு அருகில் வரும்.

மூன்றாவது, எதிர்த்துக் கேட்போம். “இவற்றில் எது தோற்கும்? ஏன்?” என்று வினவுவோம். கதையாயின், “நீ எழுதாதே, என்னிடம் பத்துக் கேள்வி கேள்” என்று சொல்வோம். விடை எழுதும்போதே கதை நம்முடையதாகிவிடும்.

நான்காவது, மனிதரிடம் சரிபார்ப்போம். ஜவ்வரிசி வடகம் போடலாம் என்று கருவி கூறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது காயுமா என்பதைப் பாட்டியிடம் கேட்க வேண்டும். என்ன விலைக்குப் போகும் என்பதைக் கடைத்தெருவில் கேட்க வேண்டும். அரசு உதவி உண்டா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும். ஏனெனில் இக்கருவி இல்லாத திட்டத்தையும் பொய்யான விலையையும் மெய்போலவே சொல்லிவிடுவதுண்டு. அதை நம்பி நகையை அடகு வைத்தால், இழப்பைச் சுமப்பது கருவியன்று, அம்மாதான்.

பெற்றோர் ஒன்றை அறிதல் நலம். சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயது நிரம்பாதோர் அதைப் பயன்படுத்தலாகாது. 18 வயது வரை பெற்றோர் ஒப்புதல் வேண்டும். வீட்டு முகவரி, ஆதார் எண், வங்கிக் கணக்கு, நிழற்படம் ஆகியவற்றை அதனிடம் கொடுக்கவே கூடாது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பர் நம் முன்னோர். கருவி ஓர் அகப்பை. சட்டியில் இட வேண்டியது நம் கண் கண்டதும் காது கேட்டதும் ஆகும். அன்புத் தோழியரே, நாளை பள்ளிக்கு வரும் வழியில் நாம் ஒவ்வொருவரும் சரிசெய்யப்பட வேண்டிய ஒன்றைக் கண்டு குறிப்பேட்டில் எழுதுவோம். பிறகு கருவியைக் கேட்போம். அப்போது அது நமக்கு எசமானாக இராது. ஏவல் செய்யும் துணையாக இருக்கும்.