குளிரிரவுக்கு ஏற்ற உறக்கப் பை

டிசம்பர் விடுமுறையில் உதகையில் சாரணியர் முகாம் என்ற அறிவிப்பு வந்ததும் நம் நினைவு தின்பண்டங்களுக்கும் விளையாட்டுகளுக்குமே ஓடும். முகாமின் இரவை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கூடாரத்தில் கழியும் அந்த இரவில் நம்மைக் காப்பது ‘ஸ்லீப்பிங் பேக்’ எனப்படும் உறக்கப் பை. அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்குக் காண்போம்.

பை செய்யும் வேலை

உறக்கப் பை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடலின் வெப்பம் வெளியே போய்விடாமல் தடுக்கிறது; அவ்வளவே. பையினுள் நிரப்பிய பொருளின் இடைவெளிகளில் அசையாமல் நிற்கும் காற்றே அத்தடுப்பு. மார்கழிக் காலையில் குருவி தன் இறகுகளைப் புடைத்துக்கொண்டு பந்துபோல் அமர்ந்திருப்பதும் இதற்காகவே. ஆகவே நன்கு உப்பி நிற்கும் பையே கதகதப்பைத் தரும்.

இடத்தின் குளிர்

பையை வாங்குமுன் போகுமிடத்தின் இரவுக் குளிரை அறிய வேண்டும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. எனவே கோவையில் 20 டிகிரி சென்டிகிரேட் இருக்கும் இரவில் உதகையில் 8 டிகிரி அளவே இருக்கக்கூடும். வானம் தெளிந்த ஜனவரி இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்குவதால், அங்கே வெப்பநிலை 0 டிகிரிவரை இறங்கி உறைபனியும் படிகிறது.

மூன்று எண்கள்

இப்பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுவே. ஐ.எஸ்.ஓ. 23537 என்னும் அனைத்துலகத் தரத்தின்படி, சூடேற்றிய மனித உருவப் பொம்மையைப் பையினுள் கிடத்திச் சோதனை செய்கிறார்கள். அதிலிருந்து மூன்று வெப்பநிலைகளைக் கணக்கிடுகிறார்கள்.

1. கம்ஃபர்ட்: ஒரு பெண் இயல்பாகப் படுத்து, குளிர் தெரியாமல் உறங்கக்கூடிய வெப்பநிலை.
2. லிமிட்: ஓர் ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய வெப்பநிலை.
3. எக்ஸ்ட்ரீம்: ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிர் தப்பியிருக்கக்கூடிய வெப்பநிலை. அங்கே உறக்கம் என்ற பேச்சே இல்லை.

பையின் மேல் பெரிய எழுத்தில் காணப்படும் எண் பல வேளைகளில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கும். அதை நம்பி வாங்கும் பெண் இரவெல்லாம் நடுங்க நேரும். நாம் பார்க்க வேண்டியது முதல் எண்ணையே. அந்தக் கணக்கும் 25 வயது, 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உரியது. நம்மில் பலர் அதைவிட மெலிந்தவர்கள். ஆதலால் எதிர்பார்க்கும் குளிரைவிடச் சுமார் 5 டிகிரி குறைவான கம்ஃபர்ட் எண்ணுள்ள பையைக் கொள்வது நலம்.

நிரப்பும் பொருள்

வாத்தின் மென்தூவி நிரப்பிய பை எடை குறைந்தது, சிறிதாகச் சுருளும், விலை அதிகம். நனைந்தால் தூவி ஒட்டிக்கொண்டு காப்புத் தன்மையைப் பெரிதும் இழக்கும். பாலியெஸ்டர் இழை நிரப்பிய பை சற்றுக் கனமானது, விலை குறைவு, ஈரத்திலும் ஓரளவு கதகதப்புத் தரும், விரைவில் உலரும். மழையும் மூடுபனியும் மிகுந்த நம் மலைகளுக்கு இழைப் பையே போதுமானது.

அளவும் விரிப்பும்

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். பை மிகப் பெரிதாயின் வெற்றிடத்தையெல்லாம் நம் உடலே சூடாக்க வேண்டும். மிக இறுக்கமாயின் நிரப்பிய பொருள் நசுங்கிப் பயனற்றுப் போகும். தலைமூடியுடன் கால்பக்கம் குறுகிய வடிவமே குளிருக்கு ஏற்றது. நாம் படுத்ததும் பையின் அடிப்பாகம் அமுங்கிவிடுவதால் தரையின் குளிர் நேரே ஏறும். எனவே பைக்கு அடியில் தடித்த நுரை விரிப்பு இன்றியமையாதது.

நினைவிற் கொள்ளுக

படுக்குமுன் பையை உதறி உப்பச் செய்யுங்கள். ஈரமான அல்லது வியர்த்த பருத்தி உடையை மாற்றி, உலர்ந்த உடையும் காலுறையும் குல்லாயும் அணியுங்கள். முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொள்ளாதீர்கள். மூச்சின் ஈரம் பையை நனைக்கும். வீடு திரும்பியதும் பையை நன்கு உலர்த்தி, சுருட்டிக் கட்டாமல் தளர்வாக வையுங்கள்.

இவ்வளவு செய்தும் நடுக்கம் நிற்கவில்லையெனில், வெட்கப்பட்டு விடியும்வரை காத்திராதீர்கள். உடனே ஆசிரியையை எழுப்புங்கள். உடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அருகில் படுத்திருக்கும் தோழியின் பேச்சு குழறினாலும், அவள் காரணமின்றிச் சோர்ந்து மயங்கினாலும் அவளுக்காக நீங்கள் எழுப்புங்கள். நல்ல பையைத் தேர்வது நம் கடமை. பக்கத்தில் இருப்பவளையும் பார்த்துக்கொள்வது சாரணியின் கடமை.