காமெட் விமானமும் களைத்துப்போன உலோகமும்

கொண்டை ஊசி ஒன்றை ஒரு முறை வளைத்தால் அது முறிவதில்லை. வளைப்பதும் நிமிர்த்துவதுமாகப் பல முறை செய்தாலோ, அதிக பலம் கொடுக்காமலே இரண்டாகிவிடுகிறது. இதனை உலோகக் களைப்பு என்கிறோம். விளையாட்டாக நாம் காணும் இக்களைப்பு 1954ஆம் ஆண்டில் 56 உயிர்களைக் கடலில் பலி கொண்டது.

பி.ஓ.ஏ.சி. என்பது பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தமாயிருந்த விமான நிறுவனம். 1974இல் அது பிரிட்டிஷ் ஏர்வேஸில் கலந்து மறைந்தது. இந்நிறுவனமே 1952 மே 2ஆம் நாள் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் நகருக்கு உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கிற்று. டி ஹாவிலண்ட் கம்பெனி செய்த காமெட் விமானத்தில் இருக்கைகள் 36 மட்டுமே. அவ்வாண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் காமெட் வந்தது.

காமெட் 35,000 அடிக்கும் மேலே பறந்தது. அங்குள்ள மெல்லிய காற்று நம் சுவாசத்திற்குப் போதாது. ஆகவே விமானத்தினுள் காற்றை அழுத்தி நிரப்புவார்கள். மேலே ஏறும்போதெல்லாம் அதன் உடல் பலூனைப் போல மிகச் சிறிதளவு உப்பும், இறங்கினால் சுருங்கும். கொண்டை ஊசியின் கதை இங்கேதான் நுழைகிறது.

1954 ஜனவரி 10ஆம் நாள், ரோம் நகரிலிருந்து புறப்பட்ட காமெட் எல்பா தீவின் அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். முதல் ஜெட் சேவைக்குச் சென்ற அதே விமானம்! காமெட்டுகள் நிறுத்தப்பட்டன, பல திருத்தங்கள் செய்யப்பட்டன. ஆனால் காரணம் தெரியுமுன்னரே, மார்ச் மாதத்தில், அவை மீண்டும் பறக்கவிடப்பட்டன. இந்த அவசரத்தை நம்மால் ஏற்க முடியவில்லை. ஏப்ரல் 8ஆம் நாள் நேப்பிள்ஸ் அருகே மற்றொன்று விழுந்து 21 பேர் இறந்தனர்.

அதன் பின்னரே சர் ஆர்னல்ட் ஹால் தலைமையில் ஃபார்ன்பரோ விஞ்ஞானிகள் ஒரு முழு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தனர். ஏன் தண்ணீர்? அழுத்திய காற்றாயின் உடல் வெடித்துச் சிதறிவிடும். தண்ணீர் அவ்வளவாக அமுங்காததால், கிழிந்த இடம் கிழிந்தபடியே நிற்கும். உள்ளே தண்ணீரை ஏற்றி அழுத்துவதும் தளர்த்துவதுமாக, பறப்பதைப் போலவே மீண்டும் மீண்டும் செய்தனர். முன்னர் பறந்தவற்றையும் சேர்த்து 3,057 பறப்புகளுக்கு ஈடானபோது உடல் கிழிந்தது. கிழிசல் தொடங்கியது சாளரத்தின் மூலையில்! துணியிலும் வெட்டின் மூலையிலிருந்துதானே கிழிசல் ஓடுகிறது? தையல் வகுப்பில் இதை அறியாதவர் யார்?

கடற்படையினர் எல்பா கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளிலும், கூரையிலிருந்த ஒரு திறப்பின் மூலையில் அதே களைப்பின் அடையாளம் காணப்பட்டது.

தடித்த தகடும் வளைந்த சாளரங்களும் கொண்ட காமெட் 4, 1958 அக்டோபர் 4ஆம் நாள் அட்லாண்டிக் கடலைத் தாண்டிற்று. மூன்று வாரங்களில் அமெரிக்காவின் போயிங் 707 விமானமும் அவ்வழியே வந்துவிட்டது. அது பெரியது, அதிகம் பேரை ஏற்றிச் சென்றது. விமானக் கம்பெனிகள் அதையே நாடின.