பழைய வீடு சொல்லித்தரும் பாடம்



திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தார்சு போடும் வேலை நடக்கிறது. தமிழக அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், குடிசையில் இருப்பவர்கள் வீடு கட்ட 3.50 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. மேற்கொண்டு ஆகும் செலவுக்குக் குழுவில்தான் கடன் வாங்குகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் கடப்பாரையை எடுக்குமுன் பழைய வீட்டை ஒருதரம் நின்று பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ள நல்ல இடம், தட்சிணசித்ரா.

தட்சிணசித்ரா என்றால் என்ன?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கிறது. சுமார் 10 ஏக்கர். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துக் காட்டும் மியூசியம் இல்லை இது. இங்கே வீடுகளையே பார்க்க வைத்திருக்கிறார்கள். உள்ளே போகலாம், திண்ணையில் உட்காரலாம். டெபோரா தியாகராஜன் அவர்கள் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. இடிபட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், நிலை, உத்திரம் என்று பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா வீடுகள் இருக்கின்றன.

ஜப்பானில் கவாசாகி நகரில் 1967-இல் இதேபோல் விவசாயிகளின் பழைய வீடுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே வீட்டுக்கு நடுவிலுள்ள அடுப்புக் குழியில் இன்றும் தீ மூட்டுகிறார்கள். புகை ஏறினால் புல் கூரையில் பூச்சி அண்டாது, ஈரம் தங்காது. விதைக் கதிரை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட நம்ம அப்பத்தாக்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

1. வெயிலும் மழையும்: கேரளாவில் மழை அதிகம். அதனால் கூரை நன்றாகச் சரிந்திருக்கும். ஆந்திரக் கடற்கரை வீடு வட்டமாக இருக்கும். புயல்காற்று வட்டச் சுவரில் மோதினால் சுற்றிக்கொண்டு போய்விடும். செட்டிநாட்டு வீட்டில் முற்றம். சூடான காற்று அது வழியாக மேலே போகும், மழைத் தண்ணீரும் அங்கேதான் விழும். நம்ம மதுரை வெயிலுக்கும் இதுவே பொருந்தும்.

2. தொழில்: காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டில் தறிக்கு இடம் விட்ட பிறகுதான் மற்றதெல்லாம். நாம் தையல் மிஷின் வாங்குகிறோம், அப்பளம் போடுகிறோம், ஆடு வளர்க்கிறோம். புது வீட்டில் அதற்கெல்லாம் இடம் உண்டா?

3. யாருக்கு எந்த இடம்: திண்ணை ஆண்களுக்கு, பின்கட்டு பெண்களுக்கு என்று இருந்தது. சாதி பார்த்துச் சிலரைத் தெருவோடு நிறுத்திய திண்ணைகளும் உண்டு. வீட்டுக்கு விலக்கான நாளில் ஒதுங்கச் சொன்னார்கள். கழிப்பறை கிடையாது. அடுப்படிப் புகை கண்ணைக் கெடுத்தது. ஆகவே பழையதெல்லாம் தங்கம் என்று நாம் சொல்லவில்லை. அறிவை எடுத்துக்கொள்வோம், அநியாயத்தை விட்டுவிடுவோம்.

வீட்டை இடிக்கும் முன் செய்ய வேண்டியவை

* நிலை, கதவு, உத்திரம், தூண் எத்தனை, என்ன மரம் என்று எழுதுங்கள். காரைக்குடியில் பழைய தூண், கதவு விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. முதலில் வரும் தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். நல்ல நிலைக்கதவைப் புது வீட்டுக்கே வைத்தால் அந்தச் செலவு மிச்சம்.
* காற்று எந்தப் பக்கம் வருகிறது, மத்தியான வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பாருங்கள். ஜன்னலை எதிரெதிராக வைக்கச் சொல்லுங்கள்.
* தார்சு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே சூடு குறையும்.
* அடுப்படியில் புகை போக வழி, கழிப்பறை, சின்னதாகவாவது ஒரு திண்ணை. இதையெல்லாம் கொத்தனாரிடம் நீங்களே சொல்லுங்கள். தவணை கட்டுவது நாம். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவதும் நாம். பிளான் போடும்போது மட்டும் நாம் அடுப்படியில் நிற்கக் கூடாது.

பக்கத்திலேயே பார்க்க

முட்டுக்காடு தூரம்தான். பட்டறிவுப் பயணமாகச் சென்னைப் பக்கம் போகும் குழுக்கள் ஒரு நாள் ஒதுக்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்றவர்கள் கீழடிக்குப் போகலாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டப்பட்டது. வைகைக் கரையில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் இருந்தது அங்கே தெரியும்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் வெயில் நேரத்தில் எந்த இடம் குளுமையாக இருக்கிறது? ஏன்?
2. பழைய வீட்டில் எதை வைத்துக்கொள்வீர்கள்? எதை விட்டுவிடுவீர்கள்?
3. புது வீட்டுப் பிளானை உங்கள் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள்?
4. பட்டா யார் பெயரில் இருக்கிறது?